போஸ்ட்டாக் விளம்பரம்: சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

#1 வைகைக்கரை

திசுப் பொறியியல், உயிர்ப்பொருட்கள், மருத்துவக் கருவிகள் பக்கம் முனைவர் பட்டத்தை முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்காக இந்த இழை. போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடி அமெரிக்க விளம்பரங்களைப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே வேலைக்கு போஸ்ட்டாக்டோரல் அசோசியேட், போஸ்ட்டாக்டோரல் ஃபெல்லோ, ரிசர்ச் சயன்டிஸ்ட், ஸ்டாஃப் சயன்டிஸ்ட் என்று பல பெயர்கள். இந்தியாவில் ஆர்ஏ-1 (ரிசர்ச் அசோசியேட்), ப்ராஜெக்ட் சயன்டிஸ்ட் என்று இன்னொரு வரிசை. மூன்று கேள்விகள்:

1. இந்தப் பெயர்களுக்குள் உண்மையான வேறுபாடு என்ன?
2. "ஓராண்டு, நீட்டிக்கப்படலாம்" என்று எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. நீட்டிப்பார்களா மாட்டார்களா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கணிக்க வழி உண்டா?
3. விசாவில் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்?

பொதுவான ஊக்க வார்த்தைகள் வேண்டாம். படிவ எண், தேதி, தொகை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 நுண்குழல்

முதல் இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்: அந்தச் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். பதவியின் பெயர், காலம், காப்பீடு, சொந்தமாக யோசிக்கக் கிடைக்கும் இடம் எல்லாம் அதையொட்டித்தான் அமைகின்றன.

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் அசோசியேட் என்றால் பேராசிரியர் பெற்ற ஆய்வு மானியத்திலிருந்து (கிராண்ட்) சம்பளம் வாங்கும் ஊழியர். ஃபெல்லோ என்றால் உதவித்தொகை பெறுபவர். ஃபெல்லோவுக்குச் சில இடங்களில் ஓய்வூதியப் பங்களிப்பு கிடையாது, வரியையும் பிடிக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானே கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் இந்தச் சொற்களை ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. அதனால் பெயரை நம்பாமல், "நான் ஊழியரா, உதவித்தொகை பெறுபவரா" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

இனி பணம். அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனமான என்ஐஎச் தரும் கிராண்ட் விவரம் முழுவதும் "ரிப்போர்ட்டர்" என்ற பொதுத் தளத்தில் இருக்கிறது. பேராசிரியரின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒவ்வொரு கிராண்டின் வகை, அந்த ஆண்டின் தொகை, தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் வரும். பார்க்க வேண்டியவை:

ஆர்01 என்ற வழக்கமான ஆய்வுக் கிராண்ட் என்றால் பெரும்பாலும் 4 அல்லது 5 ஆண்டு. மாட்யுலர் (விரிவான செலவுப் பட்டியல் கேட்காத) வகையில் நேரடிச் செலவுக்கு (ஆய்வுக்கே ஆகும் செலவு) ஆண்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். ஆர்21 என்ற சிறிய தொடக்கநிலைக் கிராண்ட் என்றால் 2 ஆண்டு. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து நேரடிச் செலவு 2,75,000 டாலருக்குள். விளம்பரத்தின் தலைப்பு ஆர்21 திட்டத்தின் தலைப்போடு ஒத்துப்போகிறது, அதில் பத்து மாதம்தான் மீதி என்றால், "நீட்டிக்கப்படலாம்" என்ற சொல்லுக்குப் பின்னால் பணம் எதுவும் இல்லை.

ஒரு ஆர்01 எத்தனை பேரைத் தாங்கும் என்று போட்டுப் பாருங்கள். என்ஐஎச்சின் என்ஆர்எஸ்ஏ (பயிற்சி ஃபெல்லோஷிப் திட்டம்) அளவுகோலில் அனுபவமே இல்லாத போஸ்ட்டாக்கிற்கு 2025 நிதியாண்டில் ஆண்டுக்கு 62,232 டாலர். பல இடங்களில் இதைத்தான் கீழ்வரம்பாக வைத்துக்கொள்கிறார்கள். மருத்துவக் காப்பீடு முதலான சலுகைச் செலவு 30 சதவீதம் என்று வைத்தால், ஒருவருக்கு ஆகும் மொத்தச் செலவு 81,000 டாலரை ஒட்டி வரும். பேராசிரியரின் சம்பளத்தில் ஒரு பகுதி, எலிக் கூண்டு வாடகை, வேதிப்பொருட்கள், ஒரு முனைவர் பட்ட மாணவர் எல்லாம் அதே 2,50,000-க்குள் அடங்க வேண்டும். எனவே ஒரே ஒரு ஆர்01 வைத்திருக்கும் லேபில் ஏற்கெனவே இரண்டு போஸ்ட்டாக் இருந்து, மூன்றாவதாக ஒருவரைத் தேடினால், யாரோ கிளம்புகிறார்கள் அல்லது தளத்தில் இன்னும் வராத பணம் ஏதோ இருக்கிறது. அறக்கட்டளை நிதி, புதிய பேராசிரியரின் தொடக்கநிதி, நிறுவன ஒப்பந்தம் எதுவும் ரிப்போர்ட்டரில் வராது. எது என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

#3 தறி

ஃபெல்லோஷிப் வாங்கிக்கொண்டு போனால் இந்தக் கவலையே இல்லையே? என்ஐஎச் எஃப்32 விண்ணப்பிக்கலாமே?

#4 நுண்குழல்

எஃப்32 (தனிநபருக்கான ஃபெல்லோஷிப்), டி32 (நிறுவனத்துக்குத் தரும் பயிற்சி நிதி) இரண்டும் என்ஆர்எஸ்ஏ வகை. அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்தான். விளம்பரத்தில் "டி32-க்குத் தகுதி உள்ளவர்களுக்கு முன்னுரிமை" என்று இருந்தால், விசாவில் வருபவருக்கு அந்தப் பணம் கிடைக்காது என்று அர்த்தம். அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள்.

விசாவில் இருப்பவரும் விண்ணப்பிக்கக்கூடியது கே99/ஆர்00 என்ற என்ஐஎச் விருது. முதல் கட்டம் வழிகாட்டியின் கீழ் 2 ஆண்டு வரை; அதற்குள் ஆசிரியப் பணி கிடைத்தால் அடுத்த 3 ஆண்டு, ஆண்டுக்கு 2,49,000 டாலர் வரை, உங்கள் சொந்த லேபுக்கு. கண்டிப்பான விதி: போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டக் கூடாது. விண்ணப்பத் தேதி பிப்ரவரி 12, ஜூன் 12, அக்டோபர் 12. முதல் முறையிலேயே கிடைப்பது அரிது, மறுவிண்ணப்பத் தேதிகள் மார்ச், ஜூலை, நவம்பர் 12. மறுவிண்ணப்பமும் அந்த 4 ஆண்டுக்குள் விழ வேண்டும். அப்படியானால் முதல் விண்ணப்பம் மூன்றாம் ஆண்டின் நடுவுக்குள் போயாக வேண்டும். அதற்கு முன்பே முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை கையில் இருக்க வேண்டும். எலி மாதிரியில் 12 வாரம் காத்திருந்து எலும்பு வளர்ச்சி பார்க்கும் திட்டத்தில், விலங்கு ஆய்வு அனுமதிக்கே சில மாதங்கள் போய்விடும். ஆகவே சேரும் முதல் மாதமே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இந்தியாவில் ஏற்கெனவே இரண்டு ஆண்டு ஆர்ஏவாக இருந்தவர்கள் கவனிக்க: பட்டத்துக்குப் பிந்தைய அந்த அனுபவமும் இந்தக் கணக்கில் சேரும். அமெரிக்காவில் இறங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

அமெரிக்க இதய சங்கத்தின் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பும் ஜே-1 (பரிமாற்ற ஆய்வாளர் விசா), எச்-1பி (வேலை விசா) வைத்திருப்பவர்களை ஏற்கிறது. ஸ்டென்ட், இதய வால்வு, இரத்த ஓட்டக் கணிப்பு என்று வேலை செய்பவர்கள் அதைக் கட்டாயம் பாருங்கள்.

#5 சிவப்பணு

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். போஸ்ட்டாக் பெரும்பாலும் ஜே-1 விசாவில்தான் போகிறார்கள். அதில் வகை முக்கியம். ஜே-1 விசாவுக்காக நிறுவனம் தரும் டிஎஸ்-2019 படிவத்தில் "ரிசர்ச் ஸ்காலர்" என்றிருந்தால் அதிகபட்சம் 5 ஆண்டு. "ஷார்ட் டெர்ம் ஸ்காலர்" என்றிருந்தால் 6 மாதம், நீட்டிக்கவே முடியாது. பணம் எவ்வளவு நாளைக்கு என்று உறுதியாகாத லேப்கள் சில நேரம் இரண்டாவதைப் போட்டுவிடுகிறார்கள். படிவம் வந்தவுடன் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

பலர் அறியாத கண்ணி இன்னொன்று. ரிசர்ச் ஸ்காலர் திட்டம் ஒன்று முடிந்துவிட்டால், அடுத்த 24 மாதத்துக்கு அதே வகையில் மீண்டும் வர முடியாது. 5 ஆண்டில் மூன்று மாதம்தான் பயன்படுத்தினீர்கள் என்றாலும் மிச்சம் போய்விடும். முனைவர் பட்டக் காலத்தில் ஒரு நுட்பம் கற்க மூன்று மாதம் போவதாக இருந்தால், அப்போது ஷார்ட் டெர்ம் ஸ்காலராகப் போவதே நல்லது. அதற்கு இந்த 24 மாதத் தடை இல்லை. அமெரிக்காவுக்குள் லேப் மாறும்போது, பழைய திட்டம் முடிவதற்கு முன்பே புதிய நிறுவனத்துக்கு மாற்றல் வாங்கிவிட வேண்டும். முடிந்த பிறகு மாற்றல் என்ற பேச்சே இல்லை.

இரண்டு ஆண்டு தாயகத்தில் இருந்தாக வேண்டும் என்ற 212(இ) விதி: திறன் பட்டியல் (எந்த நாட்டுக்கு எந்தத் திறனாளர்கள் திரும்ப வேண்டும் என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியல்) காரணமாக இந்தியர்கள் நெடுங்காலம் இதில் சிக்கினார்கள். 2024 டிசம்பரில் வந்த புதிய பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் அரசுப் பணத்தில் போனால் விதி இன்னும் உண்டு. ஃபுல்பிரைட்-நேரு ஃபெல்லோஷிப், இந்திய அரசு வெளிநாட்டுப் பயிற்சிக்கென்று தரும் நிதி இரண்டும் அந்த வகை. பிறகு எச்-1பி, கிரீன் கார்டு என்று யோசிக்கிறவர்கள் பணத்தின் மூலத்தை இங்கேயும் பார்க்க வேண்டும்.

செலவு: செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் பதிவு முறை) கட்டணம் 220 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒரு நோய் அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், அவசர மருத்துவ இடமாற்றத்துக்கு 50,000, உடலைத் தாயகம் கொண்டுசேர்க்க 25,000. காப்பீடு தரும் முன் நீங்கள் கட்டும் கைக்காசு 500 டாலரைத் தாண்டக் கூடாது. பல்கலைக்கழகக் காப்பீடு முதல் நாளிலிருந்தே தொடங்குமா, அடுத்த மாதம் 1-ஆம் தேதியா என்று கேட்டு, இடைவெளி இருந்தால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எச்-1பி: பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது, குலுக்கலும் கிடையாது. ஆனால் 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிதாகத் தாக்கல் செய்யும் மனுவுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அதிபரின் அறிவிப்பு வந்தது. பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பொதுவான விலக்கு தரப்படவில்லை. ஊரிலிருந்து நேராக எச்-1பியில் ஸ்டாஃப் சயன்டிஸ்ட் வேலைக்குப் போகும் வழி இதனால் ஏறத்தாழ அடைபட்டுப் போனது. விண்ணப்பிக்கும் நாளில் நிலைமை என்ன என்று அந்த நிறுவனத்தின் சர்வதேச அலுவலகத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

#6 தறி

சிவப்பணு அக்கா, வரி பற்றியும் ஒரு வார்த்தை.

#7 சிவப்பணு

ஜே-1 ஆய்வாளர் முதல் 2 நாட்காட்டி ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் வெளிநாட்டவர். அதுவரை சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் 7.65 சதவீதம் கிடையாது. நாட்காட்டி ஆண்டு என்பதைக் கவனிக்க: டிசம்பர் 20-ஆம் தேதி இறங்கினால் அந்தப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முழு ஆண்டு செலவாகிவிடும். லேப் ஒத்துக்கொண்டால் ஜனவரி முதல் வாரத்தில் இறங்குவது மேல்.

இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு வருமான வரியிலிருந்தே விலக்கு தருகிறது, படிவம் 8233. ஆனால் அது "இரண்டு ஆண்டுக்கு மிகாமல்" வருபவருக்கு என்று எழுதப்பட்டது. டிஎஸ்-2019 மூன்று ஆண்டுக்கு இருக்கும்போது அந்தப் படிவத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு மொத்தமாகத் திருப்பிக் கட்டும் நிலைக்கு வந்துவிடாதீர்கள்.

#8 ஈரஆய்வகம்

பணம், விசா பேசியாயிற்று. விண்ணப்பத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. இந்தத் துறையில் சிவி தோற்கும் இடம் ஒன்றுதான்: நுட்பங்களின் பெயர்ப் பட்டியல். "செல் கல்ச்சர், வெஸ்டர்ன் பிளாட், ஃப்ளோ சைட்டோமெட்ரி, மைக்ரோஃப்ளூயிடிக்ஸ்" என்று எழுதினால் எல்லார் சிவியும் ஒன்று போலத்தான் தெரியும். அளவோடு எழுதுங்கள்.

"ஃப்ளோ சைட்டோமெட்ரி" என்பதை விட்டு, "எலி மண்ணீரல் செல்களில் 10 நிற பேனல், எஃப்எம்ஓ கன்ட்ரோல் வைத்து கேட்டிங், காம்பன்சேஷன் சொந்தமாகச் செய்தது" என்று எழுதலாம். "நானோதுகள்" என்பதற்குப் பதில், "எம்ஆர்என்ஏ ஏற்றிய லிப்பிட் நானோதுகள், டிஎல்எஸ் அளவில் 80–100 நானோமீட்டர், பிடிஐ 0.2-க்குக் கீழ், ஏற்றத் திறன் ரைபோகிரீன் முறையில் அளந்தது". இந்த இரண்டு வரியைப் படித்தாலே வேலையைக் கையால் செய்தவரா, பக்கத்தில் நின்று பார்த்தவரா என்பது பேராசிரியருக்குப் புரிந்துவிடும். செய்யாததை எழுதினால் நேர்காணலில் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அங்கே கேட்கும் கேள்வி பெரும்பாலும் "எது தவறும், ஏன்?" என்ற வகை. மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் (நுண்குழாய்களில் திரவம் ஓட்டும் நுட்பம்) என்று எழுதியிருந்தால் "பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) கண்ணாடியோடு ஒட்டவில்லை, என்ன செய்வீர்கள்?" என்பார்கள். எதிர்பார்க்கும் விடை: அடிப்பொருளும் இறுகவைக்கும் பொருளும் 10:1 கலந்ததா, 65 டிகிரியில் போதிய நேரம் இறுகியதா, மேற்பரப்பில் தூசி அல்லது சிலேன் ஒட்டியிருக்கிறதா, ஆக்சிஜன் பிளாஸ்மா நேரம் அதிகமானதா (கூடினால் மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகி வெடித்து ஒட்டுத்திறன் குறையும்), பிளாஸ்மாவுக்குப் பிறகு ஒட்டுவதற்குத் தாமதமானதா. ஹைட்ரோஜெல் என்றால், ஜெல்எம்ஏ (ஒளிபட்டால் இறுகும் ஜெலட்டின்) ஒரு பேட்ச்சில் இறுகுகிறது, அடுத்த பேட்ச்சில் இறுகவில்லை என்பார்கள். மெத்தாக்ரிலேஷன் அளவு பேட்ச்சுக்குப் பேட்ச் மாறுவது, ஒளித்தூண்டி பழசானது, விளக்கின் செறிவை மாதிரி இருக்கும் இடத்தில் அளக்காதது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும்.

ஈமெயில் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் அந்த லேபின் அண்மைக் கட்டுரை ஒன்றிலிருந்து எழும் அடுத்த கேள்வி. புகழ்ச்சி வேண்டாம், கேள்வி வேண்டும். இரண்டாவதில் அந்தக் கேள்வியைத் தொட உங்களிடம் இருக்கும் இரண்டு நுட்பங்கள், மேலே சொன்ன அளவோடு. மூன்றாவதில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதம், வாய்மொழித் தேர்வு எப்போது எதிர்பார்க்கிறீர்கள், எந்த மாதம் சேர முடியும், விசா தேவை. சிவியும் மூன்று பரிந்துரையாளர்களின் பெயரும் ஒரே பிடிஎஃப். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். ஒரே துறையில் நான்கு பேருக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள். அவர்கள் மதிய உணவில் ஒரே மேசையில் உட்காருபவர்கள்.

#9 பூஜப்புரை

இந்திய நிலவரத்தை எழுதுகிறேன். வெளிநாட்டுப் பேச்சில் இது எப்போதும் பின்னுக்குப் போய்விடுகிறது, இங்கே நல்ல வேலை நடக்காததுபோல. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பயோமெடிக்கல் டெக்னாலஜி பிரிவு பூஜப்புரையில் இருக்கிறது. சித்ரா இதய வால்வு வந்தது அங்கிருந்துதான். வேலூர் சிஎம்சி வளாகத்தில் இருக்கும் தண்டுசெல் ஆய்வு மையம் பெங்களூரு தண்டுசெல் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெமின் பிரிவு. ஹீமோஃபிலியா ஏ நோய்க்கு லென்டிவைரஸ் வழி மரபணு சிகிச்சையை மனிதர்களில் செய்து 2024-இல் முடிவு வெளியிட்டது அந்த அணி. சென்னை ஐஐடியின் சுகாதாரத் தொழில்நுட்ப மையமான எச்டிஐசி மருத்துவக் கருவிகளைச் சந்தை வரை கொண்டுபோகிறது. சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

சம்பளம்: அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆணைப்படி 2023 ஜனவரி 1 முதல் ஆர்ஏ-1 மாதம் 58,000 ரூபாய், ஆர்ஏ-2 61,000, ஆர்ஏ-3 67,000. இதோடு வீட்டு வாடகைப்படி. சென்னை, பெங்களூரு போன்ற எக்ஸ் வகை நகரத்தில் 30 சதவீதம் என்றால் ஆர்ஏ-1-க்கு 17,400 சேர்ந்து 75,400. ஒய் வகையில் 20 சதவீதம், 11,600. விளம்பரத்தில் "தொகுப்பூதியம்" என்றிருந்தால் படி எதுவும் இல்லை. அப்போது மொத்தத் தொகையை மேலே உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

பொறியாளர்கள் தவறவிடும் ஒரு விதி: ஆர்ஏவுக்கு முனைவர் பட்டம் மட்டுமே தகுதி அல்ல. எம்டெக், எம்ஃபார்ம், எம்விஎஸ்சி முடித்து 3 ஆண்டு ஆய்வு, கற்பித்தல் அல்லது வடிவமைப்பு அனுபவமும், எஸ்சிஐ பட்டியலில் உள்ள இதழில் குறைந்தது ஒரு கட்டுரையும் இருந்தால் போதும். மருத்துவக் கருவி நிறுவனத்தில் வடிவமைப்பு வேலை பார்த்தவர் கட்டுரை ஒன்று வைத்திருந்தால் விண்ணப்பிக்கலாம்.

நேரடி நேர்காணலில் திருப்பி அனுப்பப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம். ஆய்வேடு சமர்ப்பித்துவிட்டேன் என்பது பட்டம் பெற்றதாகாது. வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு பல்கலைக்கழகம் தரும் தற்காலிகச் சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்றிதழ் மத்திய அரசு வடிவத்தில் வேண்டும்; ஓபிசி என்றால் வருமான வரம்புச் சான்று நடப்பு நிதியாண்டுக்கானதாக இருக்க வேண்டும். மாநில அரசு வடிவத்தைக் கொண்டுபோய் வயதுத் தளர்வை இழப்பவர்கள் அதிகம். வேறு திட்டத்தில் வேலையில் இருந்தால் ஆட்சேபணையின்மைச் சான்று. எல்லாவற்றுக்கும் மூலப்பிரதி, கூடவே தன்னொப்பமிட்ட இரண்டு படிகள்.

பணத்தின் மூலத்தைப் பார்க்கும் விதி இங்கேயும் பொருந்தும். திட்டப்பணி திட்டத்தோடு முடியும். அதைவிடத் தொல்லை, நடுவில் சம்பளம் நிற்பது. காரணம் இதுதான்: முதல் தவணை வரும், ஆண்டு முடிந்ததும் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். கணக்குப் பிரிவில் அந்தச் சான்றிதழ் தாமதமானால், அல்லது கருவி வாங்க வைத்த பணம் செலவாகாமல் மிச்சம் இருந்தால், தவணை நிற்கும். ஆர்ஏவின் சம்பளமும் நிற்கும். எனவே சேரும் முன் திட்டத் தலைவரிடம் கேளுங்கள்: அனுமதி ஆணையில் முடிவுத் தேதி எது? இப்போது எத்தனையாவது ஆண்டு? போன ஆண்டின் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்விட்டதா? தவணை தாமதமானால் நிறுவனம் முன்பணம் தருமா?

சொந்தப் பெயரில் வரும் ஃபெல்லோஷிப் இந்தச் சிக்கலைப் பெருமளவு குறைக்கும். மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையின் (டிபிடி) ரிசர்ச் அசோசியேட்ஷிப்பை பெங்களூரு ஐஐஎஸ்சி ஒருங்கிணைக்கிறது. மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான எஸ்இஆர்பி நடத்திவந்த தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் இப்போது அதன் இடத்துக்கு வந்த ஏஎன்ஆர்எஃப் கையில், 2 ஆண்டு. எம்.கே.பான் ஃபெல்லோஷிப் மாதம் 75,000. ஐந்தாண்டு வேண்டும் என்றால் இந்தியா அலையன்ஸின் தொடக்கநிலை ஃபெல்லோஷிப்பின் அறிவிப்பைத் தொடர்ந்து பாருங்கள்.

#10 எல்பேநதி

ஐரோப்பா பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியில் போஸ்ட்டாக் என்றால் பெரும்பாலும் டிவி-எல் இ13 (மாநில அரசு ஊதிய அட்டவணையின் ஒரு நிலை) ஒப்பந்தம். விளம்பரத்தில் வேலைநேரம் 100 சதவீதமா, 65 சதவீதமா என்று பாருங்கள்; 65 என்பது முனைவர் பட்ட மாணவர்களுக்குத் தரப்படுவது. முன் அனுபவத்தை ஊதியப் படியில் சேர்க்கச் சொல்லி, கையெழுத்திடும் முன்பே அனுபவச் சான்றிதழ்களைப் பணியாளர் பிரிவுக்கு அனுப்புங்கள். பின்னால் கேட்டு வாங்குவது கடினம். ஒப்பந்தம் தராமல் உதவித்தொகையாகத் தந்தால் ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்பீடும் இல்லை. பட்டத்துக்குப் பின் தற்காலிக ஒப்பந்தத்தில் 6 ஆண்டு, மருத்துவத் துறையில் 9 ஆண்டு என்ற சட்ட வரம்பையும் மறக்க வேண்டாம்.

பிரிட்டன்: இந்தியர்கள் உயிர்மருத்துவப் பொறியியல் உட்பட சில துறைகளுக்கு அட்டாஸ் (ஆய்வுத் துறைக்கான பாதுகாப்பு அனுமதி) சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். கட்டணம் இல்லை, ஆனால் 30 வேலைநாள் அளவில் ஆகும். சேரும் தேதியை அதற்கேற்ப வையுங்கள். மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு; மூன்றாண்டு விசா என்றால் மூன்றாண்டுக்கும் முன்கூட்டியே, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும். நிறுவனம் திருப்பித் தருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்குப் போகிறவர்கள், விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. முதலில் அதே லேபில் ஒப்பந்தத்தில் சேர்ந்து, "பிறகு மேரி கியூரி எழுதலாம்" என்று ஒன்றரை ஆண்டு தள்ளிப்போட்டால் தகுதியே போய்விடும்.

#11 தறி

நுண்குழல், ஒரு மறுப்பு. எல்லாவற்றையும் பணத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். ஐந்தாண்டுப் பணம் இருந்தும் கட்டுரை வெளிவராத லேப்கள் உண்டு; ஓராண்டுப் பணத்தில் நல்ல வழிகாட்டியிடம் வளர்ந்தவர்களும் உண்டு. வழிகாட்டியைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

#12 நுண்குழல்

வழிகாட்டியைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கச் சில வாரம் ஆகும். கிராண்டின் முடிவுத் தேதியைப் பார்க்கப் பத்து நிமிடம். முதலில் பத்து நிமிட வேலை.

வழிகாட்டியை அறிய: லேபின் பழைய உறுப்பினர் பட்டியலை எடுத்து, கடந்த ஏழெட்டு ஆண்டில் போஸ்ட்டாக்காக இருந்த ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டு இருந்தார், முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை, இப்போது எங்கே என்று ஒரு தாளில் எழுதுங்கள். இணையதளத்திலிருந்து பெயரே காணாமல்போனவர்களைக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் தேடிப் பிடியுங்கள். அவர்களில் இருவரிடம் தொலைபேசியில் பேசுங்கள். எழுத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "லேப் நல்லதா?" என்று கேட்காதீர்கள். "முதல் வரைவைக் கொடுத்து எத்தனை நாளில் திருத்தம் வந்தது?", "கிளம்பும்போது எந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டு போக விட்டார்?" என்று கேளுங்கள். பின்னது உயிர்நாடி. சொந்த லேப் தொடங்கும்போது எடுத்துச் செல்ல எதுவும் இல்லை என்றால் அந்த ஆண்டுகள் வேறொருவர் கணக்கில் போய்விடும்.

#13 ஈரஆய்வகம்

ஸ்டாஃப் சயன்டிஸ்ட் பற்றிக் கேட்டிருந்தார்கள். பேராசிரியராக விருப்பம் இல்லை, ஆனால் கருவியிலும் ஆய்விலும் கை நிற்கும் என்பவர்களுக்கு அது தோற்றவர்களின் இடம் அல்ல, தனித் தொழில். பொதுக் கருவி மையங்களில் இருக்கும் வேலை ஒரே ஆர்01-ஐ நம்பி இல்லை. பயனர் கட்டணமும் பல்கலைக்கழக மானியமும் சேர்ந்து சம்பளம் தருகின்றன. நேர்காணலில் மையத்தின் வருவாயில் எவ்வளவு பங்கு பயனர் கட்டணம் என்று கேளுங்கள். மிக அதிகம் என்றால் பெரிய லேப் ஒன்று வேறு ஊருக்குப் போகும் ஆண்டில் வேலை ஆட்டம் காணும். புற்றுநோய் ஆய்வு என்றால், தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆர்50 இப்படிப்பட்டவர்களின் சம்பளத்துக்கென்றே தரப்படுவது.

#14 வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஒரு மாதிரிக் கேள்வியோடு சோதித்துப் பார்க்கிறேன். ரிப்போர்ட்டரில் ஒரு பேராசிரியரின் கிராண்ட் எண் "5ஆர்01ஈபி" என்று தொடங்கி "-04" என்று முடிகிறது. முடிவுத் தேதி அடுத்த மார்ச் 31. விளம்பரத்தில் "குறைந்தது இரண்டு ஆண்டு எதிர்பார்க்கப்படுகிறது". நம்பலாமா?

#15 நுண்குழல்

எண்ணைப் பிரித்துப் படியுங்கள். முதல் இலக்கம் விண்ணப்ப வகை: 1 என்றால் புதியது, 2 என்றால் போட்டியில் வென்று புதுப்பித்தது, 3 என்றால் கூடுதல் நிதி, 5 என்றால் ஏற்கெனவே அனுமதித்ததன் அடுத்த ஆண்டு, 7 என்றால் பேராசிரியர் நிறுவனம் மாறியது. "ஈபி" என்பது உயிர்மருத்துவப் படிமவியல், உயிர்ப்பொறியியல் நிறுவனம். "எச்எல்" இதயம், நுரையீரல், இரத்தம். "ஏஆர்" எலும்பு, தசை, தோல். "டிஈ" பல், முகம். கடைசி "-04" என்றால் நான்காம் ஆண்டு. ஆக நீங்கள் காட்டுவது நான்காண்டு கிராண்டின் கடைசி ஆண்டு.

ஆர்01 புதுப்பிப்பு விண்ணப்பத் தேதிகள் மார்ச் 5, ஜூலை 5, நவம்பர் 5. ஜூலையில் போனால் மதிப்பீடு அக்டோபர்-நவம்பர், ஆலோசனைக் குழு ஜனவரி, பணம் ஏப்ரலுக்கு முன் வராது. அதாவது முதல் முயற்சியிலேயே கிடைத்தால் மட்டும் இடைவெளி இல்லை. நவம்பரில் போனால் பணம் வருவது அடுத்த ஜூலையில், அப்போது இடைவெளி உறுதி. செலவாகாத பணம் இருந்தால் கூடுதல் தொகை இல்லாமல் 12 மாதம் காலநீட்டிப்பு வாங்குவார்கள், ஆனால் அது மிச்சப் பணத்தில் ஓடுவது. புதிய ஆளுக்கு இரண்டு ஆண்டு தாங்காது.

இதற்கு மேல் 2025 பிப்ரவரியில் மறைமுகச் செலவை (கட்டடம், நிர்வாகத்துக்குப் பல்கலைக்கழகம் பெறும் பங்கு) 15 சதவீதமாகக் குறைப்பதாக என்ஐஎச் அறிவித்து, நீதிமன்றம் அதைத் தடுத்ததையும் நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு பல பல்கலைக்கழகங்கள் ஆள் எடுப்பதையே நிறுத்தி வைத்தன. இடைவெளியைச் சமாளிக்கத் துறைத் தலைவர்கள் தரும் பாலநிதி முன்புபோல் எளிதில் கிடைப்பதாக எண்ண வேண்டாம்.

விளம்பரத்தை ஒதுக்க வேண்டாம், இப்படி எழுதிக் கேளுங்கள்: "இந்தப் பணியின் முதல் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் எந்தெந்த நிதியிலிருந்து? புதுப்பிப்பு விண்ணப்பம் எந்தத் தேதியில் போகிறது? அது முதல் முறை கிடைக்காவிட்டால் இடைக்காலத்துக்கு ஏற்பாடு என்ன?" விடை தெளிவாக வந்தால், ஆஃபர் லெட்டரில் 12 மாதத்தை எழுத்தில் வாங்குங்கள். டிஎஸ்-2019 அதைவிட நீண்ட காலத்துக்கு வேண்டும் என்று கேட்டால், அந்த முழுக் காலத்துக்கும் நிதி ஆதாரம் காட்டச் சொல்லிச் சர்வதேச அலுவலகம் லேபைக் கேட்கும். இரண்டாம் ஆண்டுக்கான பணம் உண்மையிலேயே இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

#16 வைகைக்கரை

அந்த மூன்று கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி இன்றிரவே அனுப்புகிறேன். பதில் வந்ததும், லேபின் பெயரை விட்டுவிட்டு, நிதி விவரத்தை மட்டும் இங்கே போடுகிறேன்.